அரிசி ஏறிவந்த சாலை

அன்புள்ள ஐயா,

கொடைக்கானல் மேல்மலைக் கிராமங்களைப் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படித்து வருகிறேன். 2020இல் கொரோனா தொடங்கிய நாட்களில் நான் தாம்பரத்தில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்தேன். அப்போது மலைக் கிராமத்து மக்கள் ஊர் எல்லையில் மரத்தைப் போட்டு வழியை அடைத்ததையும், வேப்பிலை கட்டி மஞ்சள் நீர் தெளித்ததையும் செய்தியில் பார்த்தேன். யாரையும் எதிர்பார்க்காமல் தன் காலில் நிற்கும் வாழ்க்கையும் முன்னோர் அறிவும்தான் அவர்களைக் காப்பாற்றின என்று நினைக்கிறேன். நகரத்தில் இருப்பவர்கள் கற்றுக்கொள்ளும்படி இதை நீங்கள் விரிவாக எழுத வேண்டும். பணி ஓய்வுக்குப் பிறகு அங்கே கொஞ்சம் நிலம் வாங்கிக் குடியேறவும் ஆசை. உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகர், தாம்பரம்

*

அன்புள்ள நண்பருக்கு,

வழியை அடைத்தது உண்மைதான். மார்ச் 24 மாலை தமிழகத்தில் 144 தடை உத்தரவு நடைமுறைக்கு வந்தது. அன்று இரவே நாடு முழுவதற்கும் 21 நாள் ஊரடங்கு என்று அறிவித்தார்கள். அந்த வாரமே எங்கள் ஊர் முகப்பில் ஒரு தைலமரத்தை வெட்டிக் குறுக்கே போட்டுவிட்டார்கள். இளைஞர்கள் முறை வைத்துக் காவல் இருந்தார்கள். வேப்பிலைத் தோரணமும் கட்டினார்கள். ஆனால் எங்கள் குளிரில் வேம்பு வளர்வதில்லை. அந்தக் கொத்துகள் வத்தலக்குண்டிலிருந்து காய்கறி லாரியில் வந்தவை. தெளித்த மஞ்சளும் கீழே வாங்கியதுதான்.

இதிலிருந்தே சொல்லத் தொடங்குகிறேன். மேல்மலை தன் காலில் நிற்கும் உலகம் என்று வெளியூர்க்காரர்கள் பலர் நம்புகிறார்கள். என் தாத்தா காலத்தில் அதில் பாதியாவது உண்மை இருந்திருக்கலாம். சாமையும் கோதுமையும் விதைத்தார்கள். இன்று பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, கிளாவரை என்று எந்த ஊருக்குப் போனாலும் காட்டில் இருப்பது கேரட், உருளைக்கிழங்கு, பீன்ஸ், முட்டைக்கோஸ், பூண்டு. எல்லாம் விற்பதற்கு. அரிசி, பருப்பு, எண்ணெய், உப்பு, விதைக்கிழங்கு, உரம், மருந்து எல்லாம் மலையேறி வரவேண்டும். முழுமையாக அடைத்திருந்தால் ஒரு மாதத்துக்குள் ஊர் பசியில் விழுந்திருக்கும். அதனால் அந்தத் தைலமரத்தை லாரி வரும்போதெல்லாம் நகர்த்தினார்கள். லாரி போனதும் மறுபடி இழுத்துப் போட்டார்கள். எங்களைக் காப்பாற்றியது முதலில் அந்த லாரிதான்.

அதை ஓட்டியவர் எங்கள் தெருக்காரர். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குச் சரக்கு ஏற்றிப் போவார். பஸ் நின்றுபோனதால் சர்க்கரை நோய்க்கும் ரத்தக்கொதிப்புக்கும் மாத்திரை வாங்கக் கொடைக்கானல் போக முடியாத கிழவர்கள், தீர்ந்துபோன மாத்திரை அட்டையை அவரிடம் கொடுத்துவிடுவார்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் அட்டையின் பின்புறம் பேனாவால் பெயர் எழுதியிருப்பார்கள். தெரியாதவர்களின் அட்டையில் அவரே ஏதாவது ஓர் அடையாளம் போட்டுக்கொள்வார். மருந்துக்கடையில் அந்த வெற்று அட்டைகளைக் காட்டி வாங்கிவந்து வீடு வீடாகச் சேர்ப்பார். இவ்வளவும் செய்தவரை ஊர் வீட்டுக்குள் விடவில்லை. ஏப்ரல் தொடக்கத்திலேயே திண்டுக்கல் மாவட்டத்துக்குள் தொற்று வந்துவிட்டது. மார்க்கெட் போய்வருகிறவர் என்பதால் எல்லோருக்கும் பயம். லாரியிலேயே படுத்துக்கொள்ளச் சொன்னார்கள். அவர் மனைவி மதில்மேல் சோற்றுத் தூக்கை வைத்துவிட்டுப் பத்தடி தள்ளி நிற்பார். மேல்மலையின் ஏப்ரல் இரவுக் குளிர் உங்களுக்குத் தெரிந்திருக்காது. ஒரு கம்பளியோடு அதைக் கழித்தார் அவர். அந்த நாட்களில் ஊரைக் காத்தவர் யார் என்று என்னைக் கேட்டால் இவரைத்தான் சொல்வேன்.

மே மாதத் தொடக்கத்தில் கோயம்பேடு மார்க்கெட்டிலிருந்து தொற்று பல மாவட்டங்களுக்குப் பரவியபோது, காய்கறி லாரி என்றாலே ஊர்கள் அஞ்சின. அந்த அச்சம் நியாயமானது. ஆனாலும் லாரி நிற்கவில்லை.

பூண்டையும் கேரட்டையும் பற்றிச் சொல்ல வேண்டும். யார் தாக்குப்பிடித்தார்கள், யார் விழுந்தார்கள் என்பது பெரும்பாலும் இதில்தான் முடிவானது. எங்கள் பக்கம் பூண்டின் ஒரு போகம் மார்ச் வாக்கில் அறுவடைக்கு வரும். தாளோடு பிடுங்கி, கட்டுக் கட்டாக முடிந்து, அடுப்படிக்கு மேலே புகை படும்படி தொங்கவிடுவோம். புகையேறிய பூண்டு மாதக்கணக்கில் கெடாது. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்ததற்கு இந்தத் தாங்குதிறனும் ஒரு காரணம். வடுகபட்டி பூண்டுச் சந்தை முடங்கியபோது, பூண்டு போட்டவர்கள் கூரையைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள். கேரட் போட்டவர்களால் காத்திருக்க முடியவில்லை. மண்ணிலேயே விட்டால் வெடித்துவிடும். பிடுங்கினால் வாங்க ஆளில்லை. விளைபொருளை ஏற்றிச் செல்லத் தடையில்லை என்று அரசு சொன்னது சரிதான். ஆனால் ஓட்டல் இல்லை, கல்யாணம் இல்லை, ஒட்டன்சத்திரத்திலிருந்து கேரளத்துக்குப் போகும் சரக்கும் குறைந்துவிட்டது. பிடுங்கும் கூலி, கழுவும் கூலி, வண்டி வாடகை, கமிஷன் எல்லாம் போகக் கையில் ஒன்றும் மிஞ்சாது என்பதால், முற்றிய கேரட்டை அப்படியே மாட்டுக்கு விட்டவர்களை நான் பார்த்தேன். கமிஷன் கடையில் வாங்கிய முன்பணம் அப்படியே நின்றது. அடுத்த போகத்தை அதே கடைக்குத்தான் போட வேண்டும், அவர்கள் சொல்லும் விலைக்கு. 2020இன் கடனை இன்னும் சுமக்கும் குடும்பங்கள் எங்கள் ஊரில் இருக்கின்றன.

பூண்டு விளைவிக்கும் ஊர்க்காரன் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். பூண்டு கொரோனாவைத் தடுக்கும் என்று அந்த நாட்களில் வாட்ஸ்அப்பில் பரவியது. தடுக்காது. உலக சுகாதார நிறுவனமே அதற்கு ஆதாரமில்லை என்று அறிவித்தது.

ஊர் பட்டினியில்லாமல் இருந்ததற்குப் பெரிய காரணம் ரேஷன் கடை. ஏப்ரலில் அட்டைக்கு 1,000 ரூபாயும் விலையில்லா அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் வந்தன. டோக்கன் கொடுத்து, சுண்ணாம்பு வட்டத்தில் நிற்கவைத்துக் கொடுத்தார்கள். நூறு நாள் வேலையும் நின்றுபோயிருந்த நேரம் அது. பல வீடுகளில் அந்த 1,000 ரூபாய்தான் அந்த மாதத்தின் ஒரே ரொக்கம். ரேஷன் அரிசியைக் கேலியாகப் பேசும் வழக்கம் நகரத்தில் உண்டு. எங்களுக்கு அது உயிர். கிராம சுகாதாரச் செவிலியர் ஒருவர் வீடு வீடாக ஏறி இறங்கி யாருக்குக் காய்ச்சல், யார் வெளியூரிலிருந்து வந்தார்கள் என்று குறித்துக்கொண்டு போனார். தமிழகம் பல பத்தாண்டுகளாகக் கட்டிவைத்த ஏற்பாடு இது. முன்னோர் அறிவு என்று இதையெல்லாம் மூடி மறைத்துவிட எனக்கு மனம் வரவில்லை.

அந்த ஏற்பாடும் எல்லோரையும் தொடவில்லை. நான் அறிந்த பளியர் பழங்குடியினரின் குடியிருப்பு ஒன்றில் சில குடும்பங்களுக்கு அட்டையே இல்லை. காப்பி, ஆரஞ்சுத் தோட்டங்களில் அன்றாடக் கூலி வேலை நின்றது. தேனும் கல்பாசியும் எடுத்து வந்தாலும் வாங்கும் வியாபாரி மலையேறவில்லை. வள்ளிக்கிழங்கு தோண்டித் தின்றார்கள். இதைத் தற்சார்பு என்று புகழ்ந்து எழுதிய ஒருவரின் குறிப்பை அப்போது படித்தேன், கோபம் வந்தது. தோண்டுவதற்குக் கிழங்கு இருந்தது அவர்களுடைய அறிவு. வேறு எதுவுமே இல்லாமல் போனது நம்முடைய குற்றம்.

ஊரை அடைத்ததில் இன்னொன்றும் நடந்தது. திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளில் வேலை பார்த்த எங்கள் பிள்ளைகள், கம்பெனி மூடியதும் திரும்பி வந்தார்கள். பழனி வரை கிடைத்த வண்டியில் வந்து, அங்கிருந்து மலைச்சாலையில் நடந்தே ஏறியவர்களும் உண்டு. தைலமரத்துக்கு அந்தப் பக்கம் நின்ற அவர்களை உள்ளே விடுவதா வேண்டாமா என்று ஊர்க்கூட்டத்தில் வெகுநேரம் சண்டை. கடைசியில் பள்ளிக்கூடத்தில் தங்கவைக்க முடிவானது. அது நல்ல முடிவு. மருத்துவம் சொன்ன இரண்டு வாரத் தனிமையைத்தான் ஊர் தன் வழியில் செய்தது. ஆனால் ஒரு பெண்ணையும் கைக்குழந்தையையும் அதே கூடத்தில், தண்ணீர் வராத கழிப்பறையோடு விட்டார்கள். எதிர்த்துப் பேசியவர்கள் சிலர்தான். அந்தப் பெண் பிறகு ஊரில் தங்கவில்லை.

பங்களாக்காரர்களின் கதை வேறு. சென்னையிலும் கோவையிலும் மதுரையிலும் இருந்து, கொடைக்கானலில் இருக்கும் தங்கள் வீட்டுக்குத் தப்பி வந்துவிடலாம் என்று எத்தனையோ பேர் முயன்றார்கள். இந்த ஊர் பிறந்ததே அப்படித்தான். மதுரையில் இருந்த அமெரிக்க மிஷனரிகள் காலராவிலும் காய்ச்சலிலும் குடும்பத்தாரைப் பறிகொடுத்த பிறகு, 1845இல் இங்கே முதல் வீடுகளைக் கட்டினார்கள். அவர்களையும் அவர்கள் சாமான்களையும் பெரியகுளம் பக்கத்துப் பாதையில் தோளில் சுமந்து ஏற்றியவர்கள் நம் ஆட்கள். கீழே நோய் வந்தால் மேலே ஓடி வரலாம் என்ற எண்ணத்துக்கு அத்தனை வயது. மேலே இருப்பவர்களுக்கு அந்த நோயோடு என்ன ஆகும் என்பதை ஓடி வருகிறவர்கள் யோசிப்பதில்லை.

நிலம் வாங்குவது பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை என்பது உங்கள் கடிதத்தின் அன்பில் தெரிகிறது. ஆனாலும் மறைக்காமல் சொல்கிறேன். நோய்க்குப் பாதுகாப்பு என்று நினைத்து இங்கே வராதீர்கள். மன்னவனூரிலிருந்து கொடைக்கானல் அரசு மருத்துவமனைக்கு 30 கிலோமீட்டருக்கு மேல். அங்கே முடியாததற்குத் தேனிக்கோ மதுரைக்கோ இறங்க வேண்டும். மழைக்காலத்தில் மரம் விழுந்தால் அந்தச் சாலையும் இருக்காது. 2020இல் கொரோனா எங்கள் ஊருக்குள் வரவே இல்லை. ஆனால் 108 வந்து சேரத் தாமதமாகி, வழியிலேயே பிள்ளை பெற்றவர் ஒருவர் உண்டு. தாயும் பிள்ளையும் நலம்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டும் வர விரும்பினால் வாருங்கள். வாங்கும் முன் அந்த நிலத்தில் யார் கூலி வேலை செய்கிறார்கள், தண்ணீர் எந்த ஓடையிலிருந்து வருகிறது, அந்த ஓடையை வேறு யாரெல்லாம் நம்பியிருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். ஒரு ஜூலை மாதம் வந்து தங்கிப் பாருங்கள். தங்க இடம் நான் ஏற்பாடு செய்கிறேன்.

அன்புடன்.