போன் காட்டும் காற்றழுத்தத்தை நம்பலாமா?

கேள்வி: அமெரிக்காவின் பாஸ்டன் துறைமுகத்தை ஒட்டிய குடியிருப்பில் 12-ஆவது மாடியில் இருக்கிறோம். 'பாம்ப் சைக்ளோன்' (மளமளவென்று வலுக்கும் புயல்) எச்சரிக்கை வந்த அன்று என் போன் பாரோமீட்டரில் காற்றழுத்தம் 3 மணி நேரத்தில் 5 மில்லிபார் (அழுத்த அலகு) குறைந்தது. பயப்பட வேண்டிய அளவா? எண் ஏறத் தொடங்கினால் காரை எடுக்கலாமா?

பதில்: அந்த 3 மணி நேரமும் வீட்டுக்குள்ளேயே இருந்தீர்களா? 8 மீட்டர் உயரம் ஏறினாலே சுமார் 1 மில்லிபார் குறையும். கீழே போய்ப் பால் வாங்கிக்கொண்டு லிஃப்டில் ஏறினாலே போன் 4 மில்லிபார் சரிந்ததாகக் காட்டிவிடும்! அதனால் போனை ஒரே மேசையில் வைத்துப் பாருங்கள்.

அப்படியும் 5 குறைந்தால், சரி, அது வேகமான சரிவுதான். பிரிட்டனின் கடல் வானிலை அறிக்கையில் 3 மணி நேரத்தில் 6 மில்லிபாருக்கு மேல் இறங்கினால் 'மிக வேகமாக' என்பார்கள். ஆனால் 'பாம்ப்' என்ற பெயர் புயலின் மையத்துக்கு உரியது. 1980-இல் சாண்டர்ஸ், ஜியாகும் என்ற வானிலை ஆய்வாளர்கள் இருவரும் வகுத்த கணக்கு அது: 60 டிகிரி அட்சரேகையில் மைய அழுத்தம் 24 மணி நேரத்தில் 24 மில்லிபார் இறங்க வேண்டும். பாஸ்டன் அட்சரேகைக்குச் சுமார் 19 போதும். உங்கள் போனோ, புயல் வலுக்காமல் வெறுமனே நெருங்கி வந்தாலும் சரிவு காட்டும்.

வங்கக் கடல் புயலுக்குக் கடல் சூடுதான் தீனி. பாம்ப் சைக்ளோனுக்கோ, கண்டத்தின் உறைகுளிரும் கல்ஃப் நீரோட்டத்தின் (அமெரிக்கக் கிழக்குக் கரையோரம் ஓடும் சூடான கடல் நீரோட்டம்) வெதுவெதுப்பும் கரையோரம் முட்டிக்கொள்ளும் அந்த வேறுபாடே முதல் தீனி. மேலே ஜெட் காற்று (வெகு உயரத்தில் வேகமாக ஓடும் காற்று), கீழே வந்து சேரும் காற்றைவிட அதிகமாக வாரிக்கொண்டு போனால் அழுத்தம் மளமளவென்று விழும். நீராவி பனியாகும்போது வெளிவரும் வெப்பம் அதை இன்னும் முடுக்கும்.

2018 ஜனவரிப் புயலின் மையம் ஒரே நாளில் 59 மில்லிபார் இறங்கியது. மையம் கரைக்கு வராமல் கடல் மேலேயே போனது. இருந்தும் 4-ஆம் தேதி ஓதம் (கடல் மட்டத்தின் அன்றாட ஏற்ற இறக்கம்) ஏறும் நேரத்தில் காற்றும் சேர்ந்து தள்ள, 1978 பனிப்புயல் கால நீர்மட்டத்தையே பாஸ்டன் துறைமுகம் தாண்டியது. தெருவில் பெரிய குப்பைத் தொட்டியே மிதந்தது. என்னைக் கேட்டால், உங்கள் இடத்தில் பாரோமீட்டரைவிட ஓத அட்டவணைதான் முக்கியம்.

அப்புறம் கார். எண் ஏறினால் மையம் விலகுகிறது என்று அர்த்தம், காற்று ஓய்ந்தது என்றல்ல. அழுத்தம் சட்டென்று ஏறும்போதுதான் வடமேற்குக் குளிர்காற்று சீறும், ஈரச் சாலையும் உறையும். காற்று அடங்கும்வரை எடுக்காதீர்கள். கார் அடித்தளப் பார்க்கிங்கில் இருந்தால், புயலுக்கு முன்பே ஓதம் வற்றியிருக்கும் நேரத்தில் மேல்தளத்துக்கு மாற்றிவிடுங்கள்.