கேளுங்கள், சொல்கிறேன்: குன்றின் மேல் வீடு, எந்தக் கரைக்குப் போவது?

ஸ்பெயினின் தென்கோடியில், அந்தலூசியாவின் காதிஸ் மாவட்டத்தில், குன்றின் உச்சியில் இருக்கும் வெஹேர் என்ற வெள்ளைச் சுவர் ஊரைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலும் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: அங்கே தங்கினால் எந்தக் கடற்கரைக்குப் போகலாம்? கணவரின் துறைமுக வேலையால் பக்கத்து ஊரான அல்ஹெசிராஸில் பல வருடம் குடியிருந்தவள் நான். விடுமுறைக்கு நாங்கள் போனதெல்லாம் வெஹேருக்குத்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

*

ஸ்டுட்கார்ட்டிலிருந்து ஒரு வாசகி: ஜூலையில் ஒரு வாரத்துக்கு வெஹேரில் வீடு பிடித்திருக்கிறோம். நானும் கணவரும், ஆறு வயதிலும் ஒன்பது வயதிலும் இரண்டு பிள்ளைகள், ஈரோட்டிலிருந்து வரும் மாமியார். மாமியாருக்கு முழங்கால் வலி. நாளுக்கு ஒரு கடற்கரை என்று பட்டியல் போட்டு வைத்திருக்கிறேன். கடல் பார்க்கப் போகிறவர்கள் மலை மேல் வீடு எடுத்தது தப்போ என்று கணவர் கேட்கிறார்.

வீடு எடுத்த இடம் ரொம்பச் சரி. அந்தப் பட்டியலைத்தான் மாற்ற வேண்டும். எந்தக் கரை என்பதை அன்றன்று காலையில் காற்றைப் பார்த்து முடிவு செய்யுங்கள். நான் சொல்ல வருவதில் முக்கியமானது இதுதான், மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்.

வெஹேர் ஏறக்குறைய 200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடல் சுமார் 10 கிலோமீட்டர். ஊருக்கு நேர் கீழே ட்ரஃபால்கர் முனை. அந்த முனையில் கரை திரும்புகிறது. முனைக்கு வடக்கே கோனிலும் எல் பல்மாரும் மேற்கைப் பார்த்திருக்கும். கிழக்கே போகப் போக கான்யோஸ் தெ மேக்கா, பர்பாத்தே, ஸாரா, பொலோனியா எல்லாம் தெற்கையும் தென்மேற்கையும் பார்த்திருக்கும். கரையோரத்தில் வீடு எடுத்தவர்களுக்கு வாசலில் இருக்கிற கடல்தான், காற்று அடித்தாலும் அதுதான். நீங்களோ நடுவில், மேலே இருக்கிறீர்கள். குன்றை விட்டு இறங்கியதும் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் காரைத் திருப்பலாம். பொலோனியா மட்டும் கொஞ்சம் தூரம், மற்றதெல்லாம் அரை மணிக்குள்.

அங்கே ஆட்சி செய்வது இரண்டு காற்று. கிழக்கிலிருந்து வருவது லெவாந்தே. ஜிப்ரால்டர் நீரிணையில் இரு பக்கமும் மலை இருப்பதால் அந்தச் சந்தில் நெருக்கப்பட்டு வேகம் எடுத்து வரும். பிடித்தால் சில நாள் விடாமல் அடிக்கும். மேற்கே அட்லாண்டிக்கிலிருந்து வருவது பொனியெந்தே. அது குளிர்ச்சி, கொஞ்சம் ஈரம். தூத்துக்குடிக்காரியான எனக்கு இது பிடிபட நாளாகவில்லை. எங்கள் ஊரில் கிழக்கிலிருந்து வரும் கொண்டலா, மேற்கிலிருந்து வரும் கச்சானா என்று பார்த்துத்தான் வள்ளம் இறக்குவார்கள். ஆனால் நம் கொண்டல் ஈரத்தைக் கொண்டுவரும், அங்கே கிழக்குக் காற்று வறண்டு, சூடாக வரும். மொட்டை மாடியில் காயப்போட்ட துண்டு லெவாந்தே நாளில் சீக்கிரமே மொடமொடவென்று ஆகிவிடும். பொனியெந்தே நாளில் சாயங்காலம் எடுத்தாலும் ஓரத்தில் ஈரம் இருக்கும்.

காற்றுத் திசையை எப்படிக் கண்டுபிடிப்பது? ஸ்பெயின் வானிலைத் துறையான ஏமெட், கடற்கரைகளுக்கென்று தனியாகவே தினமும் காற்றும் அலையும் சொல்கிறது. அதை முந்தின நாள் இரவே பாருங்கள். காலையில் காபியோடு மாடிக்கு வந்து, வெஹேரைச் சுற்றி நிற்கும் காற்றாலைகளையும் பாருங்கள். முப்பந்தல் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், காற்று வரும் திசைக்கே இறக்கைகள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். கிழக்கே திரும்பி வேகமாகச் சுற்றினால் அன்றைக்கு லெவாந்தே. போனில் பார்த்ததைவிட எனக்கு இதில்தான் நம்பிக்கை.

லெவாந்தே பலமாக இருக்கும் நாளில் பரந்த மணல் உள்ள கரை எதற்கும் போகாதீர்கள். முழங்காலுக்குக் கீழே மணல் ஊசியாய்க் குத்தும். தயிர்சாத டப்பாவைத் திறந்தால் அடுத்த வாயில் பல் கறகறக்கும். பிள்ளைகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு அழும்போது அட்லாண்டிக் எவ்வளவு நீலமாக இருந்து என்ன பயன்? அன்றைக்குக் கோனிலுக்கு வடக்கே ரோச்சேயில் உள்ள சின்னச் சின்னக் குடாக்களுக்குப் போங்கள். செம்மஞ்சள் பாறைச் சுவர் முதுகுப் பக்கம் நின்று காற்றைத் தடுக்கும். ஸாராவைத் தாண்டியுள்ள அலெமானெஸ் கரையும் மறைவானதுதான், ஆனால் கார் நிறுத்த இடம் குறைவு, சீக்கிரம் போய்விட வேண்டும்.

ரோச்சேயில் படி இறங்க வேண்டும். மாமியாருக்கு அது ஆகாது. அன்று அவர் ஊரிலேயே இருக்கட்டும். வெஹேரின் ஸ்பெயின் சதுக்கத்தில், ஓடு பதித்த நீரூற்றைச் சுற்றிப் பீங்கான் தவளைகள் தண்ணீர் துப்பிக்கொண்டிருக்கும். பனை நிழலில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம். ஆனால் ஊருக்குள் தெருக்கள் செங்குத்து, கல் பாவியது. வீட்டை வாடகைக்கு விடுபவரிடம் இப்போதே கேளுங்கள்: வாசல் வரை கார் வருமா, எத்தனை படி ஏற வேண்டும்? கடற்கரையைவிட முதலில் கேட்க வேண்டியது அதுதான்.

பொனியெந்தே நாளில், அல்லது காற்று அடங்கிய நாளில், மாமியாரையும் கூட்டிக்கொண்டு எல்லாரும் பர்பாத்தேக்குப் போங்கள். மற்றவர்கள் எழுதும் பட்டியலில் அந்த ஊர் அவ்வளவாக வராது, மீன்பிடித் துறைமுகம், அழகு குறைவு என்று தள்ளிவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஊருக்கு முன்னாலேயே உள்ள கார்மென் கரையில் நீளமான நடைபாதையும் உட்கார இடமும் உண்டு. மாமியார் மணலில் கால் வைக்காமலே பேரப்பிள்ளைகள் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம், கை நீட்டினால் அவரைத் தொடும் தூரத்தில் நீங்களும் இருக்கலாம். முட்டி வலிக்காரரோடு போகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய வசதி எது?

பிள்ளைகள் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. எல் பல்மாரில் லெவாந்தே அடிக்கும்போது கடல் தட்டையாக, அமைதியாகத் தெரியும். காற்று கரையிலிருந்து கடலை நோக்கி அடிப்பதால்தான் அப்படி. காற்றடைத்த மிதவையில் பிள்ளை உட்கார்ந்திருந்தால் நீங்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் வெகுதூரம் போய்விடும். அன்றைக்கு மிதவையை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். ட்ரஃபால்கர் கலங்கரை விளக்கத்துக்குக் கீழே முனையிலும் இறங்கவே வேண்டாம், நீரோட்டம் பலம். சாயங்காலம் நடந்து போய்ப் பார்ப்பதற்கு அந்த இடம் அருமை. ஜூலையில் சூரியன் மறைய ஏறக்குறைய இரவு பத்து மணி ஆகிவிடும் என்பதால், வெயில் தணிந்தபின் கிளம்பினாலே போதும். 1805 அக்டோபர் 21 அன்று பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சன் குண்டு பட்டு இறந்த கடற்போர் நடந்தது அந்த முனைக்கு எதிரே உள்ள கடலில்தான்.

ஏற்ற இறக்கத்தையும் மறந்துவிடாதீர்கள். மத்தியதரைக் கடல் பக்கம் போய்ப் பழகியவர்கள் இதில் ஏமாந்துபோவார்கள். காதிஸ் கரையில் கடல் ஏறுவதும் வற்றுவதும் 3 மீட்டர் வரை இருக்கும். காலையில் கிரிக்கெட் ஆடிய மணல் மதியம் தண்ணீருக்குள் போய்விடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் அவ்வளவு அதிகம். மாமியார் ஊரிலிருந்து தினசரிக் காலண்டர் கொண்டுவந்தால் அதுவே உதவும். கான்யோஸில் கடல் வற்றியிருக்கும் நேரம் பார்த்துப் பாறையடியில் கிழக்கே நடந்தால், பாறைச் சுவரிலிருந்து நல்ல தண்ணீர் ஊற்று கடற்கரையிலேயே கொட்டுவதைப் பார்க்கலாம். பாசி படர்ந்த பாறையில் ஒழுகி வரும் அந்தத் தண்ணீர், கோடையிலும் தலையில் விழுந்தால் உடம்பு சிலிர்க்கும். கடல் ஏறத் தொடங்கும் முன்பே திரும்பிவிடுங்கள், பாறைக்கும் அலைக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளக் கூடாது.

*

கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாசகி: சுடிதாரோடு கடலில் இறங்கினால் வித்தியாசமாகப் பார்ப்பார்களா? அங்கே ஆடையில்லாமல் இருப்பவர்கள் உண்டு என்கிறார்களே, குடும்பத்தோடு போகலாமா?

தாராளமாகப் போகலாம். நீங்கள் என்ன உடுத்தியிருக்கிறீர்கள் என்று யாரும் பார்க்க மாட்டார்கள். நான் சல்வாரோடு எத்தனையோ தடவை இறங்கியிருக்கிறேன். பருத்தி வேண்டாம், நனைந்தால் கனத்து இழுக்கும். சீக்கிரம் உலரும் துணியாக இருக்கட்டும். மேலாடை இல்லாமல் வெயில் காயும் பெண்கள் எந்தக் கரையிலும் இருப்பார்கள், அது அங்கே சாதாரணம். முழுக்க ஆடையில்லாதவர்கள் கூடுவது கான்யோஸின் கிழக்குக் கோடியில், பாறைகளின் மறைவில். மேலே சொன்ன ஊற்றுக்குப் போகும் வழியும் அதுதான் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மாமனார் மாமியாரோடு போகிறவர்கள் கோனில், பர்பாத்தே, ஸாரா ஊர்க்கரைகளோடு இருந்துகொள்ளுங்கள். எல்லாம் குடும்பங்கள் கூடும் இடங்கள்.

*

வேலூரிலிருந்து ஓர் ஆசிரியர்: ஒரே ஒரு நாள்தான் கையில் இருக்கிறது என்றால் எந்தக் கரை?

லெவாந்தே இல்லாத நாளாக இருந்தால், யோசிக்காமல் பொலோனியா. மணலுக்குப் பின்னாலேயே பயெலோ க்ளௌதியா என்ற ரோமானிய ஊர் இடிபாடாகக் கிடக்கிறது. கி.மு. 2ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய ஊர். சூரை மீனைப் பிடித்து உப்பிட்டு, காரும் என்ற மீன் சாறு தயாரித்துக் கப்பலேற்றியவர்கள் அவர்கள். மீன் ஊறப்போட்ட தொட்டிகள் வட்டமாகவும் சதுரமாகவும் இன்றும் அப்படியே இருக்கின்றன, கடலிலிருந்து சில எட்டு தூரத்தில். கருவாடு காயப்போடுவதைப் பார்த்து வளர்ந்த எனக்கு, சபை மண்டபத்தையும் நாடக அரங்கையும்விட அந்தத் தொட்டிகளின் ஓரத்தில் நிற்கத்தான் பிடிக்கும். சூரை மீன் இன்றும் அதே வழியில்தான் போகிறது. வசந்த காலத்தில் அட்லாண்டிக்கிலிருந்து மத்தியதரைக் கடலுக்குள் முட்டையிடப் போகும்போது, பர்பாத்தே, ஸாரா, கோனில், தரீஃபா மீனவர்கள் அல்மத்ராபா என்ற நிலைவலையைக் கடலில் கட்டிப் பிடிக்கிறார்கள்.

கரையின் மேற்குக் கோடியில் 30 மீட்டருக்கு மேல் உயரமான மணல்மேடு ஒன்று இருக்கிறது. லெவாந்தே அள்ளிக் கொட்டிய மணல் அது. பின்னால் உள்ள பைன் மரங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டே வருகிறது. 2001இல் இயற்கைச் சின்னமாக அறிவித்துவிட்டார்கள். மேலே ஏறினால் எதிரே மொராக்கோ மலைகள். இடிபாட்டுக்குத் திங்கள் விடுமுறை. ஜூலை, ஆகஸ்டில் காலையிலேயே பார்த்துவிட்டு அப்புறம் குளியுங்கள், உள்ளே நிழல் கிடையாது. சில வருடங்களாக ஆசியாவிலிருந்து வந்த ஒரு பழுப்புப் பாசி இந்தப் பக்கத்துக் கரைகளில் குவியல் குவியலாக ஒதுங்குகிறது. நீங்கள் போகும் நாளில் அது இருந்தால் நாற்றம் அடிக்கும், கொஞ்சம் தள்ளிப் போய் இறங்குங்கள்.

*

கிரனாடாவில் படிக்கும் மாணவர்: அலைச்சறுக்கு கற்க ஆசை. கார் இல்லை. வெஹேரில் தங்கலாமா?

எல் பல்மாரில் கற்றுத் தரும் பள்ளிகள் வரிசையாக இருக்கின்றன. கோடையில் அலை சின்னது, புதிதாகக் கற்பவருக்கு அது நல்லதுதான். பெரிய அலை வேண்டுமென்றால் இலையுதிர்காலத்துக்குப் பிறகு வாருங்கள். கோடையில் வெஹேரிலிருந்து கரைக்குப் பஸ் விடுவார்கள், ஆனால் சில தடவைதான். மற்ற நாளில் பஸ்ஸை நம்பிக் குன்றின் மேல் தங்காதீர்கள் தம்பி. எல் பல்மாரிலேயே அறை பாருங்கள், வெஹேருக்கு ஒரு சாயங்காலம் ஏறி வாருங்கள்.

*

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகர்: நாங்கள் சைவம். பட்டினி கிடக்க வேண்டியதுதானா?

இல்லை. கொண்டைக்கடலை போட்ட கீரை, உருளைக்கிழங்கு வேகவைத்து வினிகரும் எண்ணெயும் கொத்தமல்லி மாதிரி ஓர் இலையும் தூவிய பப்பாஸ் அலினியாஸ், தக்காளியும் ரொட்டியும் அரைத்த சல்மொரேஹோ, இதெல்லாம் எங்கும் கிடைக்கும். ஆனால் சல்மொரேஹோ மேலே பன்றி இறைச்சித் துண்டையும் முட்டையையும் தூவுவார்கள், உருளைக்கிழங்கில் சூரை மீனைச் சேர்ப்பார்கள். ஆர்டர் கொடுக்கும்போதே "சின் ஹமோன், சின் அத்தூன், சின் வேவோ" என்று சொல்லிவிடுங்கள். இறைச்சி, மீன், முட்டை மூன்றும் வேண்டாம் என்று அர்த்தம். கடற்கரைக் கடைகளில் மதியச் சாப்பாடு இரண்டு மணிக்குத்தான் சூடு பிடிக்கும், இரவுச் சாப்பாடு ஒன்பதுக்கு மேல். இடையில் பிள்ளைகளுக்குப் பசிக்கும். வெஹேர் வீட்டில் அடுப்பு இருந்தால் காலையிலேயே எலுமிச்சை சாதம் கிளறி எடுத்துக்கொள்ளுங்கள், லெவாந்தே இல்லாத நாளில் கரையிலேயே உட்கார்ந்து சாப்பிடலாம்.