ஹேவ்லாக்கா, நீலா? சைக்கிளுக்கு எந்தத் தீவு

ஐயா,

பிப்ரவரியில் நானும் மனைவியும் 12 வயது மகளும் அந்தமான் போகிறோம். கையில் நான்கு இரவுகள். ஸ்கூட்டர் கூடாது, சைக்கிளில்தான் சுற்ற வேண்டும் என்பது மகளின் நிபந்தனை. மூவரும் சென்னையில் ஞாயிறுதோறும் 15 கிலோமீட்டர் ஓட்டுபவர்கள். எல்லோரும் ஹேவ்லாக் என்கிறார்கள். ஒரு நண்பர் மட்டும் நீல் தீவு என்றார். எங்கே தங்கலாம்?

சரவணன்

அன்புள்ள சரவணன்,

நீல். மூன்று இரவும் அங்கேயே. நான்காவது இரவு போர்ட் பிளேரில்.

முதல் காரணம் சூரியன். அந்தமான் நமக்கு வெகு கிழக்கே இருந்தாலும் கடிகாரம் நம்முடையதுதான். பிப்ரவரியில் மாலை ஐந்தரைக்குள் சூரியன் விழுந்துவிடும். ஆறு மணிக்கு மேல் இருட்டு. ஹேவ்லாக்கில் எல்லோரும் அஸ்தமனம் பார்க்கப் போவது மேற்குக் கரையிலுள்ள ராதாநகருக்கு. விடுதிகளில் பெரும்பாலானவை எதிர்ப்பக்கம், கோவிந்த்நகர், விஜய்நகர் கரையோரம். படகுத்துறையிலிருந்து ராதாநகர் சுமார் 12 கிலோமீட்டர். வயல்வெளி முடிந்ததும் சாலை காட்டுக்குள் ஏறி இறங்குகிறது. வாடகை சைக்கிளில் விளக்கை எதிர்பார்க்காதீர்கள். அந்த வழியில் இருட்டில் ஒரு குழந்தையோடு திரும்பி வருவதைச் சைக்கிள் பயணம் என்று சொல்ல மாட்டேன்.

மேடும் உண்டு. சென்னையில் ஞாயிறு ஓட்டுபவர்களுக்கு மேடென்றால் மேம்பாலம்தான். கியர் இல்லாத சைக்கிள் கிடைத்தால் ராதாநகர் வழியில் இறங்கித் தள்ள வேண்டியிருக்கும். தள்ளுவதுகூடப் பரவாயில்லை, இறக்கத்தில் தேய்ந்த பிரேக்தான் பயம்.

நீல் ஏறக்குறைய சமதளம். கடற்கரைகளும் கிட்டத்தில்: படகுத்துறைக்குப் பக்கத்திலேயே பரத்பூர், 2 கிலோமீட்டரில் லக்ஷ்மண்பூர், 5 கிலோமீட்டரில் கிழக்கு முனையில் சீதாபூர். லக்ஷ்மண்பூரில் அஸ்தமனம் பார்த்துவிட்டுப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் கடைத்தெருவுக்கு வந்துவிடலாம். நடுவே காய்கறித் தோட்டங்கள், வாழை, பாக்கு. பிரிவினைக்குப் பிறகு கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் ஊர் என்பதால் மீன்குழம்பில் கடுகெண்ணெய் வாசம் அடிக்கும். மகளிடம் முன்பே சொல்லிவைப்பது நல்லது.

நீலில் நாளைத் தீர்மானிப்பது கடல்தான். லக்ஷ்மண்பூர் இரண்டாம் கரையிலுள்ள இயற்கைப் பாறைப்பாலத்துக்குக் கடல் வற்றும்போதுதான் நடந்து போக முடியும். பரத்பூர் நேர் எதிர்: வற்றினால் பவளப்பாறை தலைநீட்டும், குளிக்க முடியாது. வற்றும் நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் நீர் நன்றாக வற்றும். அரைநிலாக் காலத்தில் அவ்வளவு இறங்காது. எனவே போர்ட் பிளேர் ஓத அட்டவணையை (கடல் ஏறி வற்றும் நேரப் பட்டியல்) முதலில் பார்த்துவிட்டு மற்றதைத் திட்டமிடுங்கள். பாறையில் செருப்பு வழுக்கும். பின்வார் உள்ள ரப்பர் காலணி வேண்டும்.

சைக்கிள் எடுக்கும்போது அவசரம் கூடாது. உப்புக்காற்றில் எதுவும் சீக்கிரம் துருப்பிடிக்கும். பெடலைப் பின்னோக்கிச் சுற்றிச் செயினைப் பாருங்கள். ஏதாவது ஒரு கண்ணி மடங்காமல் விறைத்து நின்றால் அழுத்தி மிதிக்கும்போது செயின் துள்ளும், வேறு சைக்கிள் கேளுங்கள். பிரேக் பிடி பாதித் தூரத்துக்குள் கவ்வ வேண்டும். கைப்பிடிவரை வந்தால், ஒயர் பிடிக்குள் நுழையும் இடத்திலுள்ள சிறு திருகை வெளிப்பக்கமாகச் சுற்றுங்கள், இறுகும். பிரேக் கட்டையில் வரிப்பள்ளமே தெரியவில்லையென்றால் திருகிப் பயனில்லை. இருக்கையில் உட்கார்ந்து குதிகாலைக் கீழ்ப்பெடலில் வைத்தால் முழங்கால் நேராக வேண்டும். அதுதான் சரியான உயரம். வாடகைக்கு இருப்பவை பெரும்பாலும் பெரியவர்களுக்கான 26 அங்குலம். மகளின் உயரத்தைச் சொல்லி 24 அங்குலம் உண்டா என்று விடுதியில் முன்பே கேளுங்கள்.

ஈர மணலில் ஓட்டிப் படம் எடுக்கத் தோன்றும். வேண்டாம். எண்ணெயில் ஒட்டிய மணலும் உப்பும் செயினை அரைத்துவிடும், மறுநாள் காலையில் கரகரவென்று சத்தம் வரும். ஓட்டிவிட்டீர்களானால் அன்றிரவே இரண்டு சொம்பு நல்ல தண்ணீர் ஊற்றித் துணியால் துடைத்து நான்கு சொட்டு எண்ணெய் விடுங்கள். சென்னையிலிருந்து மூன்று முன்விளக்கு, ஒரு கைப்பம்பு, பஞ்சர் ஒட்டும் சாமான் கொண்டுபோங்கள். சீதாபூரில் சூரியோதயம் பார்க்க ஐந்தே காலுக்குக் கிளம்பவும் விளக்கு வேண்டும். ரொக்கம் கூடுதலாக இருக்கட்டும்.

ராதாநகரைப் பார்க்காமல் வர மனமில்லையென்றால் முதல் இரவை ஹேவ்லாக்குக்குக் கொடுங்கள். மாலையில் ராதாநகருக்கு ஆட்டோவில் போய் வாருங்கள். காலையில் கிழக்குக் கரை வழியே காலாபத்தர்வரை சைக்கிள். அந்தப் பாதை பெரும்பாலும் சமம். பிறகு நீலுக்குப் படகு, ஒரு மணி நேரம்கூட ஆகாது. முங்குநீச்சல்தான் முக்கியம் என்றால் என் பதிலே மாறும், ஹேவ்லாக்கிலேயே தங்கலாம். உங்கள் கடிதத்தில் அதைப் பற்றிப் பேச்சில்லை.

கடைசி இரவைப் போர்ட் பிளேரில் வைக்கச் சொல்வது, காற்று கிளம்பினால் படகை நிறுத்திவிடுவார்கள் என்பதால். தனியார் படகுகள் ஹாடோ துறையிலிருந்தும் அரசுப் படகுகள் ஃபீனிக்ஸ் பே துறையிலிருந்தும் கிளம்புகின்றன. ஆட்டோக்காரரிடம் துறையின் பெயரைச் சரியாகச் சொல்லுங்கள். டிக்கெட்டில் நீல் என்றோ ஹேவ்லாக் என்றோ இல்லாமல் போகலாம். 2018இல் மாற்றிய பெயர்களில் நீல் ஷஹீத் த்வீப், ஹேவ்லாக் ஸ்வராஜ் த்வீப். போர்ட் பிளேரும் 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்.

அன்புடன்