பதில்: 15ஆம் இடத்தை வைத்து ஷான் டைஷை எடை போடலாமா?

வணக்கம். இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கால்பந்தில், 2023-24 பருவத்தை எவர்ட்டன் அணி 40 புள்ளிகளுடன் 15ஆம் இடத்தில் முடித்ததால், அப்போது அதன் பயிற்சியாளராக இருந்த ஷான் டைஷ் சுமாரானவர்தான் என்று நண்பர்கள் வாதிடுவதாகவும், அதற்கு என்ன பதில் சொல்வது என்றும் கேட்டிருந்தீர்கள்.

முதலில், அந்த 40 களத்தில் ஈட்டிய கணக்கு அன்று. நிதி விதிகளை மீறியதற்காக முதலில் 10 புள்ளிகள் பறிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் அது 6 ஆகக் குறைந்து, ஏப்ரலில் மேலும் 2 போயின. ஆக, வீரர்கள் ஆடிப் பெற்றவை 48. பிரைட்டனும் போர்ன்மவுத்தும் அதே 48 புள்ளிகளைத்தான் எடுத்தன.

அடுத்து, கோல்களைப் பாருங்கள். எவர்ட்டன் அடித்தவை வெறும் 40; கீழ்ப்பிரிவுக்குத் தரமிறங்கிய பர்ன்லிகூட 41 அடித்தது, லூட்டன் 52 அடித்தும் கீழே போனது. ஆனால் எவர்ட்டன் எதிரணிகளிடம் வாங்கியவை 51 மட்டுமே. அதைவிடக் குறைவாக வாங்கியவை ஆர்சனல், மான்செஸ்டர் சிட்டி, லிவர்பூல் ஆகிய மூன்று அணிகள்தாம். கோலடிக்க ஆளில்லாத அணியைத் தற்காப்பால் கரைசேர்த்தவரைக் குறைத்து மதிப்பிடுவது எனக்கு நியாயமாகவே படவில்லை. இரண்டாவது தண்டனைக்குப் பின், ஏப்ரல் இறுதியில் ஒரே வாரத்தில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட், லிவர்பூல், பிரென்ட்ஃபோர்டு மூன்றையும் ஒரு கோல்கூட வாங்காமல் வென்றார்கள்.

அவருடைய ஆட்டமுறை கண்ணுக்கு இனியதன்று என்று நண்பர்கள் சொன்னால் ஒப்புக்கொள்ளுங்கள். அது வேறு வழக்கு.