நிலக்கடலை, முந்திரி, எள் ஒவ்வாமை: பயணத்தில் ஓட்டலில் சாப்பிடும்போது

கேள்வி: என் மகளுக்கு வயது 11, எடை 31 கிலோ. நிலக்கடலை, முந்திரி, எள் மூன்றும் அவளுக்கு ஆகாது. சென்ற ஆண்டு ஒரு திருமண விருந்தில் குருமா சாப்பிட்ட சில நிமிடங்களில் உதடு வீங்கி, வாந்தி எடுத்து, மூச்சுத் திணறியதால் மருத்துவமனையில் சேர்த்தோம். வீசிங் தொந்தரவும் உண்டு. பொட்டுக்கடலை, தேங்காய், பால், முட்டை எல்லாம் தொந்தரவின்றிச் சாப்பிடுகிறாள். மே மாதம் மதுரை, கன்னியாகுமரி, திருவனந்தபுரம் என்று 6 நாள் பயணம் போகிறோம். வெளியில் அவளுக்கு எதை வாங்கிக் கொடுக்கலாம்? கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் பழகிவிடும் என்கிறார் என் மாமியார். அது சரியா? (வாசகி, திருப்பூர்)

பதில்: உங்கள் மாமியாரின் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மிகச் சிறிய அளவில் தொடங்கி மாதக்கணக்கில் படிப்படியாகக் கூட்டி உடலைப் பழக்கும் சிகிச்சை உண்மையிலேயே உண்டு. ஆனால் அது ஒவ்வாமை மருத்துவரின் நேரடிக் கண்காணிப்பில், அவசர மருந்துகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யப்படுவது. வீட்டில் செய்து பார்க்கக் கூடாது, பயணத்தில் நினைத்தும் பார்க்கக் கூடாது. தூக்கக் குறைவு, காய்ச்சல், ஓடியாடிய களைப்பு இவையெல்லாம் சேரும்போது, வழக்கமாக ஒன்றும் செய்யாத அளவுகூடக் கடுமையான எதிர்வினையைக் கிளப்பிவிடக் கூடும்.

இனி ஓட்டல். நம்மிடையே ‘அலர்ஜி’ என்ற சொல் மிகவும் மலிந்துவிட்டது. கத்திரிக்காய் தின்றால் அரிக்கிறது என்பவரும் அலர்ஜி என்கிறார், தூசியில் தும்முபவரும் அலர்ஜி என்கிறார். ஆகவே பரிமாறுபவரிடம் நீங்கள் “அலர்ஜி” என்றால், பிள்ளைக்கு அது பிடிக்காது போலும் என்றே அவர் எடுத்துக்கொள்வார். “இது துளி வாயில் பட்டாலும் பிள்ளைக்கு மூச்சு அடைத்துவிடும், ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்” என்று நேரடியாகச் சொல்லுங்கள். அதையும் பரிமாறுபவரிடம் சொல்வதைவிட, கூட்டம் குறைந்த நேரத்தில் போய், முடிந்தால் சமையல்காரரிடமே சொல்வது நல்லது. காலை 7 மணிக்குப் பொறுமையாகப் பதில் சொல்லும் அதே மாஸ்டர், மதியம் 1 மணிக்கு உங்களை நிமிர்ந்து பார்க்கவும் நேரமில்லாமல் இருப்பார்.

பெயர்க் குழப்பம் இதைவிடப் பெரிய ஆபத்து. உங்கள் ஊரில் நிலக்கடலை என்பதை வேறு ஊர்களில் வேர்க்கடலை என்றும், மணிலாக்கொட்டை, மல்லாட்டை என்றும் சொல்கிறார்கள். வெறும் ‘கடலை’ என்று கேட்டால் ஒருவர் பொட்டுக்கடலையை நினைத்துக்கொண்டு “போடுவோம்” என்பார், இன்னொருவர் கொண்டைக்கடலையை நினைத்துக்கொண்டு “அதெல்லாம் இல்லை” என்பார். கேரளத்தில் ‘கடல’ என்றால் பெரும்பாலும் கொண்டைக்கடலை, நீங்கள் அஞ்சும் பொருளுக்கு அங்கே ‘கப்பலண்டி’ என்று பெயர். கன்னியாகுமரிப் பக்கம் முந்திரியை ‘அண்டிப்பருப்பு’ என்பவர்களும் உண்டு. எள் விஷயத்தில் சிக்கல் வேறுவிதமானது. “எள் சேர்ப்பீர்களா?” என்று கேட்டால் இல்லை என்று மனதாரச் சொல்பவருக்கு, தாளிப்பில் தாம் ஊற்றிய நல்லெண்ணெய் அந்த நேரத்தில் நினைவுக்கு வராது. ஆகவே இந்த மூன்று பொருள்களின் படங்களையும், நல்லெண்ணெய், கடலை எண்ணெய் ஆகிய பெயர்களையும் ஓர் அட்டையில் தமிழிலும் மலையாளத்திலும் அச்சிட்டு எடுத்துக்கொள்ளுங்கள். “இது இருக்கிறதா?” என்று கேட்பதைவிட, “இதில் என்னென்ன சேர்த்தீர்கள், எந்த எண்ணெயில் செய்தீர்கள்?” என்று கேட்டால் உண்மை வெளிவர வாய்ப்பு அதிகம்.

எண்ணெயைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஒவ்வாமையை உண்டாக்குவது கொட்டையிலுள்ள புரதம். ஆலையில் முழுமையாகச் சுத்திகரித்த கடலை எண்ணெயில் அந்தப் புரதம் ஏறத்தாழ நீங்கிவிடுகிறது. மரச்செக்கில் ஆட்டிய எண்ணெயில் அது தங்கியிருக்கும். உடலுக்கு நல்லதென்று பெருமையாகப் பலகை வைத்துச் செக்கு எண்ணெயில் சமைக்கும் ஓட்டல்கள், மற்றவர்களுக்கு எப்படியோ, உங்கள் மகளுக்கு ஆகாதவை. நல்லெண்ணெயும் நம் ஊரில் பெரும்பாலும் சுத்திகரிக்கப்படாமலேயே விற்கப்படுவதால் அதை முற்றிலும் தவிர்க்க வேண்டும். வறுப்பதாலோ பொரிப்பதாலோ நிலக்கடலையின் வீரியம் போய்விடாது.

இட்லி ஆவியில் வெந்தது, அதனால் ஆபத்தில்லை என்று பலரும் நினைக்கிறார்கள். மாவில் ஒன்றுமில்லைதான், ஆனால் தட்டில் தடவியது நல்லெண்ணெயாக இருக்கலாம். துணி விரித்து ஊற்றும் கடையா என்று கேளுங்கள். தேங்காய்ச் சட்னியில் நிலக்கடலையைச் சேர்த்து அரைக்கும் வழக்கம் பரவலாக இருப்பதால், வெளியில் எந்தச் சட்னியும் வேண்டாம் என்பதே என் முடிவு. இட்லிப் பொடியில் எள் இருக்கும். பொங்கல், கேசரி, குருமா, பாயசம் ஆகியவற்றில் முந்திரி இருக்கும், புளியோதரையிலும் எலுமிச்சைச் சாதத்திலும் நிலக்கடலை இருக்கும். கண்ணுக்குத் தெரியும் முந்திரியைப் பொறுக்கி எடுத்துவிட்டுக் கொடுப்பது பாதுகாப்பாகாது. தோசைக் கல்லும் நம்பகமானதன்று, ஏனெனில் சற்றுமுன் அதே கல்லில் பொடி தோசை வார்த்திருப்பார்கள். வடைச் சட்டியும் சாம்பார்க் கரண்டியும் அப்படித்தான்.

அப்படியானால் எதைத்தான் கொடுப்பது? அவித்த முட்டை, தோல் உரித்துச் சாப்பிடும் பழங்கள், இளநீர், நுங்கு, வெறும் சோறு, சூடான பால் (பாதாம் பால் கலக்கும் பாத்திரம் வேறாக இருந்தால்) ஆகியவை எங்கும் கிடைக்கும். கேரள எல்லைக்குள் உங்கள் பாடு சற்று எளிதாகும். ஆவியில் வேகும் புட்டு, இடியாப்பம், அவித்த நேந்திரம்பழம் ஆகியவற்றில் எண்ணெய்க்குப் பெரும்பாலும் வேலையில்லை, சமையலில் தேங்காய் எண்ணெய்ப் புழக்கமும் அதிகம். ஆனால் ஸ்டூ, பாயசம் இரண்டிலும் முந்திரி சேர்வது சாதாரணம். பருப்புப் பொடியும் ஊறுகாயும் நீங்களே எள்ளின்றிச் செய்து எடுத்துக்கொண்டால், ஓட்டலில் வெறும் சோறு வாங்கினாலே ஒரு வேளைச் சாப்பாடு முடிந்தது. தங்குமிடம் பதிவு செய்யும்போது சிறிய சமையலறை உள்ளதாகப் பார்ப்பது, இந்த 6 நாளில் நீங்கள் செய்யும் மிகப் பயனுள்ள செலவாக இருக்கும்.

பாக்கெட் உணவுகளில், உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதிகளின்படி நிலக்கடலை, முந்திரி போன்ற கொட்டைகளை ஒவ்வாமைப் பொருள்களாகத் தனியே குறிப்பிட வேண்டும். எள் அந்தப் பட்டியலில் இல்லை, எனவே சேர்மானப் பட்டியல் முழுவதையும் படியுங்கள். 10 அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் உள்ள உணவகங்களும் ஒவ்வாமைத் தகவலைத் தர வேண்டும் என்று அதே விதிகள் சொல்கின்றன. அவர்களிடம் கேட்கத் தயங்க வேண்டாம். கோயில் பிரசாதத்தை மறுப்பது பெரியவர்களுக்கு மனக்கஷ்டமாக இருக்கலாம். குழந்தை கண்ணில் ஒற்றிக்கொண்டு பாட்டியிடம் கொடுத்துவிடட்டும், பிறகு கையைக் கழுவிவிடட்டும்.

ரயிலில் பக்கத்து இருக்கையில் ஒருவர் வறுகடலை கொறித்தால் அந்த வாசனையால் மூச்சுத் திணறல் வருவது மிக அரிது. அவர் தொட்ட இடத்தைத் தொட்ட கை வாய்க்குப் போவதுதான் கவலைக்குரியது. சோப்பும் தண்ணீரும், அல்லது ஈரத் துடைப்பான், புரதத்தை நீக்கும், சானிடைசர் நீக்காது.

இத்தனை கவனத்துக்குப் பிறகும் தவறு நேரலாம் என்பதால், அட்ரினலின் (கடும் ஒவ்வாமையில் உயிர் காக்கும் ஊசி மருந்து) இல்லாமல் வீட்டைவிட்டுப் புறப்படாதீர்கள். உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாததுதான் என்னை உறுத்துகிறது. வெளிநாடுகளில் உள்ளதுபோல் தானாகவே செலுத்தும் பேனா நம் மருந்துக் கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. எனவே 1 மி.லி.யில் 1 மி.கி. மருந்துள்ள ஆம்பூலையும் (உடைத்துத் திறக்கும் சிறு கண்ணாடிக் குப்பி) ஊசியையும் மருத்துவர் எழுதித் தந்து, போடும் முறையையும் கற்றுத்தர வேண்டும். பொதுவான அளவு கிலோவுக்கு 0.01 மி.கி., உங்கள் மகளுக்கு ஏறத்தாழ 0.3 மி.கி., அதாவது 0.3 மி.லி. இதை உங்கள் மருத்துவரே உறுதிசெய்து தாளில் எழுதித் தரட்டும். இன்சுலின் ஊசி வேண்டாம். அதன் முனை தசை வரை எட்டாது, அளவுக் குறிகளும் வேறு. குறைந்தது 2 ஆம்பூல்கள், உடைத்துப் பழக இன்னும் ஒன்றிரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். மே மாத வெயிலில் வண்டிக்குள் விட்டுவிடாமல், ஐஸிலும் வைக்காமல், கைப்பையில் வைத்திருங்கள். இன்ஹேலரும் அதே பையில் இருக்கட்டும். வீசிங் கட்டுப்பாட்டில் இல்லாத குழந்தைக்கு உணவு ஒவ்வாமை உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால், புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பே நெஞ்சைப் பரிசோதித்துவிடுங்கள்.

மூச்சிரைப்பு, குரல் மாறுதல், தலைசுற்றல், அல்லது தடிப்போடு வாந்தி என்று எது வந்தாலும் தொடையின் வெளிப்புற நடுப்பகுதியில் உடனே ஊசி போடுங்கள். செட்டிரிசின் என்ற அலர்ஜி மருந்தைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள், அது அரிப்பைத் தணிக்குமே தவிர மூச்சைக் காப்பாற்றாது. குழந்தையைப் படுக்க வைத்துக் காலைச் சற்று உயர்த்துங்கள், மூச்சு முட்டினால் உட்கார வையுங்கள், எழுந்து நடக்க விடாதீர்கள். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் 108, ரயிலில் 139. ஐந்து முதல் பதினைந்து நிமிடத்தில் தணியாவிட்டால் இரண்டாவது ஊசி. தணிந்துவிட்டாலும் மருத்துவமனைக்குப் போயாக வேண்டும், ஏனெனில் சில மணி நேரம் கழித்து அது மீண்டும் கிளம்பக் கூடும். உபயோகித்த ஆம்பூலுக்கு மாற்று வாங்கிப் பையில் வைக்காமல் அடுத்த ஊருக்கு வண்டி ஏற வேண்டாம்.