கிழித்தே விற்கப்படும் புது உடைகளை மாற்று ஃபேஷன் பிரியர்கள் விரும்புவது ஏன், அவற்றின் குறைகள் என்ன?

கடைக்கு வரும் முன்பே தொழிற்சாலையில் கிழித்தும் தேய்த்தும் வெளுக்க வைத்தும் பழையதுபோல் ஆக்கப்பட்ட புதுத்துணிகள் இவை. 1970களில் லண்டனில் பங்க் என்னும் கலக ராக் இசையைச் சுற்றித் திரண்ட இளைஞர்கள் கிழிசலை ஊக்கால் கோத்து அணிந்தது, சமூகம் எதிர்பார்த்த ஒழுங்கை ஏற்க மறுத்ததன் அடையாளம். அந்தத் தோற்றம் உழைத்துத் தேயாமலே கையில் கிடைப்பதுதான் ஈர்ப்பு. ஒரு பக்கம்கூடப் படிக்காமல் ஓரங்களைக் கசக்கி வைத்த புத்தகத்தைப் போன்றது இது. ஜீன்ஸின் முழங்காலில் நீல நெடுக்கிழைகள் அறுபட்டு, வெள்ளைக் குறுக்கிழைகள் மட்டும் தொங்கும். துவைக்கத் துவைக்க அந்த இடம் விரிந்துகொண்டே போகும். அதைவிட என்னை வருத்துவது, மணலைப் பீய்ச்சித் துணியை வெளுக்கச் செய்யும் முறை: அதில் எழும் சிலிக்கா தூசியைச் சுவாசித்த தொழிலாளர்கள் சிலிக்கோசிஸ் என்னும் தீராத நுரையீரல் நோய்க்கு ஆளானதால், துருக்கி 2009இல் அதைத் தடை செய்தது. கிழிந்திருப்பதாலேயே இதை மறுபயன்பாட்டுத் துணி என்று பலர் எண்ணுகிறார்கள்; பெரும்பாலும் இது முற்றிலும் புதிதாக நெய்த துணிதான்.