காலேஜ் அட்மிஷனும் கலெக்டர் கனவும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, நான் பிளஸ் டூ முடிச்சிருக்கேன், அரசுப் பள்ளி, தமிழ் மீடியம், 600க்கு 531. ஏழாவது படிக்கறப்ப எங்க ஸ்கூலுக்கு கலெக்டர் மேடம் வந்தாங்க, அன்னைலேர்ந்து எனக்கு ஐஏஎஸ்தான். அப்பா இன்ஜினியரிங் சேருங்கறாரு. மாமா ஒரு தனியார் காலேஜ்ல பிஏவோட ஐஏஎஸ் கோச்சிங்கும் சேத்து சொல்லித்தர்றாங்க, வருஷம் ஒன்றரை லட்சம்தான்னு சொல்றாரு. எனக்கு ஹிஸ்டரி பிடிக்கும். ஐஏஎஸ்க்கு எந்த டிகிரி பெஸ்ட்?
— பிளஸ் டூ மாணவி, தர்மபுரி மாவட்டம்

பதில்: உன் கடைசி கேள்விக்கு பதில் ரொம்ப சின்னதும்மா, ஐஏஎஸ்க்குன்னு தனியா ஒரு டிகிரி கிடையாது. அங்கீகாரம் உள்ள யுனிவர்சிட்டில ஏதாவது ஒரு டிகிரி, வயசு 21 ஆகியிருக்கணும், அவ்ளோதான் இந்த தேர்வை நடத்தற யுபிஎஸ்சி கேக்கறது. டிகிரில எத்தனை பர்சன்ட்னு கூட கேக்கறதில்ல. 2018 தேர்வுல மொத ரேங்க் வந்த கனிஷக் கடாரியா கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்சவர், 2021ல மொத ரேங்க் வந்த ஸ்ருதி சர்மா ஹிஸ்டரி படிச்சவங்க, 2023ல வந்த ஆதித்யா ஸ்ரீவஸ்தவா எலெக்ட்ரிகல். தலைமைத் தேர்தல் ஆணையரா இருந்த நம்ம ஐஏஎஸ் அதிகாரி டி.என்.சேஷன் பிசிக்ஸ் படிச்சவர், தாம்பரம் கிறிஸ்டியன் காலேஜ்ல. ஆளுக்கு ஒரு பக்கம்லேர்ந்து வந்திருக்காங்க பாரு.

அதனால நான் கேள்விய கொஞ்சம் மாத்திக்கறேன். தேர்வு கை குடுக்கலன்னாலும் எந்த டிகிரி உன்னை நிக்க வைக்கும்? 2023 தேர்வுக்கு அப்ளை பண்ணவங்க 10 லட்சத்து 16 ஆயிரத்துக்கும் மேல, பிரிலிம்ஸ்ங்கற முதல்நிலைத் தேர்வு ஹாலுக்கு வந்தவங்க சுமார் 5 லட்சத்து 92 ஆயிரம், மெயின்ஸ்ங்கற முதன்மைத் தேர்வுக்கு தேறுனவங்க 14,624, இன்டர்வியூக்கு 2,855, கடைசி லிஸ்ட்ல 1,016 பேர், அதுலயும் ஐஏஎஸ் இடம் 180தான். பயப்படாத, ஆனா அட்மிஷன் ஃபாரம் நிரப்பும்போது இந்த நம்பர் மனசுல இருக்கணும். நானும் ரெண்டு தடவை இன்டர்வியூ வரைக்கும் போய் லிஸ்ட்ல வராதவதான், அன்னைக்கு என் கையில பொலிட்டிக்கல் சயின்ஸ் எம்ஏ இருந்துச்சு, அதை வச்சுத்தான் இன்னைக்கு காலேஜ்ல பாடம் எடுக்கறேன். என்னோட அதே ஹாஸ்டல்ல இருந்த ஒரு பொண்ணு பிடிக்காத டிகிரிய பேருக்கு முடிச்சுட்டு வந்தவ, ஆறு வருஷம் கழிச்சு அவளுக்கு அந்த சப்ஜெக்ட்ல ஒரு வேலைக்கு கூட போக தைரியம் வரல, அதை நினைச்சா இப்பவும் எனக்கு மனசு கஷ்டமா இருக்கு.

மாமா சொல்ற அந்த காலேஜ் வேணாம்மா. மூணு வருஷத்துக்கு நாலரை லட்சம், ஹாஸ்டல் தனி. 18 வயசுல பிரிலிம்ஸ் ஷார்ட்கட்ட மனப்பாடம் பண்ணி என்ன ஆகப்போகுது, நீ தேர்வு எழுதப் போறதே 21க்கு அப்புறம்தான், அதுக்குள்ள பாதி மறந்துரும், நடப்பு நிகழ்வு எல்லாம் பழசாயிரும். அதுக்கு பதிலா அரசு கலைக் கல்லூரில பிஏ ஹிஸ்டரி சேரு, ஃபீஸ் ரொம்ப கம்மி, அதோட நீ ஆறாவதுலேர்ந்து அரசுப் பள்ளின்னா புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1,000 ரூபா உன் பேங்க் அக்கவுண்ட்டுக்கே வரும். அதை புக்குக்கு செலவு பண்ணு. அப்பா பயம் நியாயமான பயம்தான், இன்ஜினியரிங்னா வேலைன்னு நினைக்கறாரு, அவர்கிட்ட பிஏ, பிஎட்னு ஒரு வழி, எம்ஏ, நெட்னு (காலேஜ்ல பாடம் எடுக்கறதுக்கான தகுதித் தேர்வு) ஒரு வழி, தமிழ்நாடு அரசு வேலைக்கான டிஎன்பிஎஸ்சி குரூப் 1, குரூப் 2 எல்லாத்துக்கும் இதே டிகிரி போதும்னு பொறுமையா உக்காந்து சொல்லு.

ஒண்ணே ஒண்ணு முன்கூட்டியே தெரிஞ்சுக்க. காட்டு வேலைல ஆசை இருந்தா, அதாவது இந்திய வனப்பணி, ஐஎஃப்ஓஎஸ், அதுக்கு மட்டும் எந்த டிகிரியும் போதும்ங்கறது செல்லாது. பாட்டனி, சுவாலஜி, கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ், மேத்ஸ், ஜியாலஜி, ஸ்டாடிஸ்டிக்ஸ், கால்நடை மருத்துவம் இதுல ஏதாவது ஒண்ணு டிகிரில இருக்கணும், இல்லன்னா அக்ரி, ஃபாரஸ்ட்ரி, இன்ஜினியரிங். நீ பிளஸ் டூல பயாலஜி எடுத்த பொண்ணுன்னா, தர்மபுரில காட்டுக்கு பக்கத்துல வளந்தவ, ஒரு ராத்திரி இதை யோசிச்சுட்டு அப்புறம் முடிவு பண்ணு. ஹிஸ்டரின்னே முடிவு பண்ணிட்டா அது மெயின்ஸ்ல ஆப்ஷனலாவும், அதாவது நீயே தேர்ந்தெடுக்கற பாடமாவும் ஆகும், ரெண்டு பேப்பர், 500 மார்க், ஜிஎஸ்ங்கற பொது அறிவு மொத பேப்பர்லயும் ஹிஸ்டரி வருது.

இந்த மூணு வருஷத்துல வேற என்ன பண்ணலாம்னா, ஆறுலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் சமூக அறிவியல் புக்க திரும்ப படி, நம்ம சமச்சீர் புக்கும் சரி என்சிஇஆர்டியும் சரி. தினம் ஒரு பேப்பர். வாரத்துக்கு ஒரு கட்டுரை, உங்க ஊரு ஏரிய பத்தி, ரேஷன் கடைய பத்தி, கையால எழுது, மெயின்ஸ் முழுக்க கையால எழுதறதுதான், ஜிஎஸ் பேப்பர் பெரும்பாலும் மூணு மணி நேரத்துல 20 கேள்வி. கோச்சிங்க கடைசி வருஷத்துல யோசி, அதுவும் மொதல்ல அரசு கோச்சிங் சென்டர், சென்னை கிரீன்வேஸ் ரோட்டுல இருக்கு, நுழைவுத் தேர்வு எழுதி உள்ள போகணும்.

கேள்வி: தமிழ் மீடியத்துல படிச்சவன் நான். ஐஏஎஸ் தேர்வை தமிழ்லயே எழுதலாமா? இங்கிலீஷ் பேச வராது, அதனால அப்ளை பண்ணவே பயமா இருக்கு.
— கடைசி வருஷ பிஎஸ்சி மாணவர், விருதுநகர்

பதில்: மெயின்ஸ் தமிழ்ல எழுதலாம் தம்பி, இன்டர்வியூவும் தமிழ்ல குடுக்கலாம், 1979லேர்ந்து மெயின்ஸ்ல இந்த உரிமை இருக்கு. 2013ல தாய்மொழில எழுதறதுக்கு கட்டுப்பாடு போட்டு அறிவிப்பு விட்டாங்க, நாடு பூரா எதிர்ப்பு கிளம்புனதும் அதே மாசம் வாபஸ் வாங்கிட்டாங்க, அதனால இந்த உரிமைய பயன்படுத்தறதுல கூச்சமே வேணாம். தமிழ் இலக்கியத்தை ஆப்ஷனலா எடுக்க தமிழ்ல டிகிரி வாங்கியிருக்கணும்னும் இல்ல.

ஆனா பிரிலிம்ஸ் கேள்வித்தாள் இங்கிலீஷ்லயும் இந்தியிலயும் மட்டும்தான் வரும். இது நம்ம பசங்களுக்கு அநியாயம்னு நான் இன்னைக்கும் நினைக்கறேன், இந்திக்காரப் பையன் தன் மொழில படிக்கற கேள்விய நம்ம பையன் மனசுக்குள்ள மொழிபெயர்த்துட்டுதான் பதில் யோசிக்கணும், அதே ரெண்டு மணி நேரத்துல. இருந்தாலும் உனக்கு வேண்டியது படிச்சு புரிஞ்சுக்கற இங்கிலீஷ்தான், பேசற இங்கிலீஷ் இல்ல. மெயின்ஸ்ல ஒரு இங்கிலீஷ் பேப்பர் இருக்கு, 300க்கு 75 எடுத்தா போதும், அந்த மார்க் ரேங்க்ல சேராது. தினம் இங்கிலீஷ் பேப்பர்ல தலையங்கம் ஒண்ண எடுத்து மெதுவா படி, தமிழ்ல அஞ்சு வரில எழுதிப் பாரு. ஒரு வருஷம் விடாம பண்ணா பிரிலிம்ஸ் கேள்வி உனக்கு பிடிபடும். இன்னொன்னு, ஒண்ணாவதுலேர்ந்து டிகிரி வரைக்கும் முழுக்க தமிழ் மீடியம்னா டிஎன்பிஎஸ்சில 20 சதவீதம் இடஒதுக்கீடு உனக்கு இருக்கு, அதுக்கான சான்றிதழை ஸ்கூல்லயும் காலேஜ்லயும் இப்பவே வாங்கி வச்சுக்க, கடைசி நேரத்துல அலையாத.

கேள்வி: அப்ளை பண்ணிட்டு பிரிலிம்ஸ் எழுதப் போகலன்னா அட்டெம்ப்ட் கணக்குல வருமா?
— வாசகர், திருவாரூர்

பதில்: வராது. ஆனா பிரிலிம்ஸ்ல ஒரே ஒரு பேப்பர் எழுதுனாலும் அட்டெம்ப்ட்தான். பொதுப் பிரிவுக்கு 6, வயசு 32 வரைக்கும். ஓபிசிக்கு 9, வயசு 35. எஸ்சி, எஸ்டிக்கு 37 வயசு வரைக்கும் எத்தனை தடவை வேணா எழுதலாம். ஓபிசி சான்றிதழ் மட்டும் மத்திய அரசு படிவத்துல இருக்கணும், நம்ம சாதாரண கம்யூனிட்டி சர்டிபிகேட்ட வச்சுட்டு போய் நின்னவங்கள பாத்திருக்கேன்.

கேள்வி: என் மகன் சிவில் இன்ஜினியரிங் முடிச்சவன், 26 வயசு. மூணு வருஷமா சென்னை அண்ணா நகர்ல ரூம் எடுத்து படிக்கறான். ரெண்டு தடவை பிரிலிம்ஸே போயிருச்சு, மூணாவது தடவை மெயின்ஸ் எழுதி போயிருச்சு. அவங்க அப்பா போதும் வேலைக்கு போன்னு சண்டை போடறாரு, இவன் போனையே எடுக்க மாட்டேங்கறான். நான் யார் பக்கம் பேசறது?
— ஒரு தாய், சங்கரன்கோவில்

பதில்: அம்மா, உங்க லெட்டரை ரெண்டு தடவை படிச்சேன். ரெண்டு தடவை பிரிலிம்ஸ்ல போனவன் மூணாவது தடவை மெயின்ஸ் வரைக்கும் வந்திருக்கான்னா அவன் படிக்கறான், ஏமாத்தல, இதை மொதல்ல அவங்க அப்பாகிட்ட சொல்லுங்க. அதே நேரத்துல அவர் கேக்கறதும் தப்பில்ல, பணம் அவரோடது, வயசு பையனோடது.

நடுவுல ஒரு வழி இருக்கு. டிஎன்பிஎஸ்சி குரூப் 1 எழுதச் சொல்லுங்க, துணை கலெக்டர், டிஎஸ்பி எல்லாம் அதுலதான் வருது, இவன் படிச்சதுல பெரும்பகுதி அங்கயும் உதவும், தமிழ்நாட்டு வரலாறும் பண்பாடும் சேத்து படிக்கணும், நெகட்டிவ் மார்க் கிடையாது. மாநில சர்வீஸ்லேர்ந்து பதவி உயர்வுல ஐஏஎஸ் ஆகறவங்களும் நிறைய பேர் இருக்காங்க. அதை சின்ன வேலைன்னு அவன் நினைச்சா அந்த நினைப்ப நீங்கதான் மாத்தணும். செலவுக்கு நான் முதல்வன் திட்டத்துல ஊக்கத்தொகை தேர்வு ஒண்ணு நடக்குது, அதுல தேறுற 1,000 பேருக்கு பிரிலிம்ஸ் படிக்க மாசம் 7,500 ரூபா பத்து மாசத்துக்கு, பிரிலிம்ஸ் பாஸானா மெயின்ஸுக்கு 25,000. ரூம் வாடகை கஷ்டம்னா நம்ம ஊர் பக்கம் வந்துரட்டும், மதுரைல கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கு, கோட்டூர்புரத்து அண்ணா நூலகத்துக்கு போற பசங்க மாதிரி அங்கயும் நாள் முழுக்க உக்காந்து படிக்கறாங்க.

ஃபைனல் ரிசல்ட் வந்தப்புறம் தேறாதவங்களோட மெயின்ஸ் மார்க்கையும் யுபிஎஸ்சி வெளியிடும். அதை எடுத்துட்டு ஊருக்கு வரச் சொல்லுங்க. கட் ஆஃப்லேர்ந்து பத்து மார்க்ல போச்சா, நூறு மார்க்ல போச்சான்னு அப்பாவும் மகனும் ஒண்ணா உக்காந்து பாக்கட்டும், நாலாவது தடவை எழுதறத பத்தி அதுக்கப்புறம் பேசுங்க.